அத்தைக்கு நூறு கேள்வி, அப்பத்தாவுக்கு ஒரு கேள்வியும் இல்லை

அமெரிக்கக் குடியுரிமை வாங்க ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 'எழுத' என்பது சரியான வார்த்தை இல்லை. வரலாறு, அரசாங்கம் பற்றிய அந்தப் பரீட்சை வாய்மொழியாகத்தான் நடக்கும். ஒரு அதிகாரி எதிரில் உட்கார்ந்து கேட்பார், நாம் பதில் சொல்ல வேண்டும். நாலு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிற சலுகை எல்லாம் கிடையாது. 2008ல் வந்த முறைப்படி மொத்தம் 100 கேள்விகள் கொண்ட பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அதிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் பாஸ். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இதைக் கடுமையாக்கிவிட்டார்கள். பட்டியலில் 128 கேள்விகள், கேட்பது 20, தேற வேண்டியது 12.

இவ்வளவு விவரமும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2023ல் எங்கள் அத்தைக்கு நான்தான் வாத்தியார் :-)

அத்தை திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் பருத்தி எடுக்கவும், மல்லிக் காட்டுக்குக் களை வெட்டவும் போய்விட்டார் (மல்லி என்றால் பூ இல்லை சாமி, கொத்தமல்லி. எங்க கரிசலுக்கு அதுதான் மல்லி). மகள் நியூஜெர்சியில். 2005ல் பச்சை அட்டை வாங்கிப் போனவர், அங்கேயே பேரன் பேத்திகளோடு தங்கிவிட்டார். குடியுரிமைக்கு எழுதிப் போட்டபோது வயது 71.

இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் கொஞ்சம் கருணையானது. 55 வயது தாண்டி, பச்சை அட்டையோடு 15 வருஷம் அங்கே குடியிருந்தவர்களுக்கு ஆங்கிலப் பரீட்சை கிடையாது. வரலாற்றுக் கேள்விகளையும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தாய்மொழியிலேயே சந்திக்கலாம். 65 வயதும் 20 வருஷமும் ஆகியிருந்தால் இன்னும் வசதி, 20 கேள்விகள் மட்டும் படித்தால் போதும். அத்தைக்கு அதில் இரண்டு வருஷம் குறைந்தது. ஆக நூறு கேள்விகளையும் தமிழில் படித்தாக வேண்டும். மகளுக்கு வேலை நேரம். அதனால் இங்கே ராத்திரி எட்டு மணிக்கு, அங்கே காலை பத்தரைக்கு, போனில் கேள்வி கேட்பது என் பொறுப்பானது.

அத்தை மனப்பாடம் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசியல் சட்டத்தில் எத்தனை திருத்தங்கள்? 27. "இருபத்தேழு நட்சத்திரம். அசுவினியில ஆரம்பிச்சு ரேவதி வரைக்கும்" என்றார். உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள்? 9. "நவக்கிரகம்". கொடியில் ஏன் 13 கோடுகள்? முதலில் இருந்த 13 காலனிகளுக்காக. இதற்கு எந்தச் சாமியும் கிடைக்கவில்லை, சும்மாவே உருப்போட்டுவிட்டார். மக்களவை உறுப்பினர்கள் 435 என்பது மட்டும் கடைசி வரை இழுத்தடித்தது.

ஒரு கேள்வியில் நின்றுவிட்டோம். 'யார் ஓட்டுப் போடலாம் என்பது பற்றி அரசியல் சட்டத்தில் நான்கு திருத்தங்கள் உள்ளன. ஒன்றைச் சொல்லுங்கள்.' 18 வயது நிரம்பியவர் போடலாம், பெண்கள் போடலாம், எந்த இனத்து ஆண் குடிமகனும் போடலாம், இப்படி எதையாவது சொல்லலாம். இன்னொரு பதிலும் பட்டியலில் இருக்கிறது: ஓட்டுப் போடுவதற்கு வரி கட்டத் தேவையில்லை.

அத்தைக்கு அது புரியவில்லை. "ஏய்யா, ஓட்டுக்குக் காசு குடுப்பாக. நம்ம ஊர்ல தெரியாததா? ஓட்டுப் போட எதுக்குய்யா காசு வாங்கணும்?"

நியாயமான கேள்விதான். விளக்க வேண்டியதாயிற்று. தலைவரி. அடிமை முறை ஒழிந்த பிறகு 1870ல் கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டு என்று 15வது திருத்தம் வந்துவிட்டது. தெற்கத்தி மாநிலங்கள் நேரடியாக மறுக்க முடியாது. அதனால் சுற்றி வளைத்தார்கள். வரி கட்டிய ரசீது இருந்தால்தான் ஓட்டு. ஏழைக்குப் போச்சு. மத்தியத் தேர்தல்களுக்கு இந்த வரியை ஒழித்த 24வது திருத்தம் வந்தது 1964ல்தான். நம்ம ஊரில் மூன்று பொதுத்தேர்தல் முடிந்த பிறகு!

வரியை விட வம்பானது இன்னொன்று. பரீட்சை. மிசிசிப்பி மாநிலம் 1890ல் எழுதிய அரசியல் சட்டத்தில், வாக்காளராகப் பதிய வருகிறவர் அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டு விளக்க வேண்டும் என்று வைத்தார்கள். சரியாக விளக்கினாரா இல்லையா என்று முடிவு செய்வது பதிவு அதிகாரி. வெள்ளைக்கார விவசாயிக்கு சுலபமான ஒரு வரி. கறுப்பின வாத்தியாருக்கு வக்கீலே திணறும் பிரிவு. பாஸ் ஃபெயில் எல்லாம் ஆள் உள்ளே நுழையும்போதே முடிவாகியிருக்கும். 1964ல் மிசிசிப்பியில் ஓட்டுரிமை வயது வந்த கறுப்பின மக்களில் பட்டியலில் பேர் இருந்தது சுமார் 7 சதவீதம் பேருக்கு. 1965ல் வாக்குரிமைச் சட்டம் வந்து அந்தப் பரீட்சையை நிறுத்தியது. 1967க்குள் சுமார் 60 சதவீதம் ஆகிவிட்டது. அதே சனம், அதே படிப்பு. கேள்வி கேட்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தை சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "எங்காத்தா கைநாட்டு. அவுக மொத ஓட்டுப் போடயில நான் வயித்துல இருந்தேனாம். அவுகள யாருய்யா கேள்வி கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. 1952 ஜனவரி. (அத்தை தன் பரீட்சையில் முதல் ஆறு கேள்வியையும் சரியாகச் சொல்லி, அதோடு போதும் என்று அனுப்பிவிட்டார்கள். கேட்காமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்களே!)

அப்பத்தாவிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை என்பது தானாக நடந்ததில்லை. அதற்கு முந்தின தேர்தல்களில் இங்கேயும் வடிகட்டி இருந்தது. 1935ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டப்படி 1937ல் தேர்தல் நடந்தபோது சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் ஓட்டுரிமை இருந்தது சுமார் 3 கோடிப் பேருக்கு. பெண்களுக்கு ஓட்டு என்பதில் சென்னை மாகாணம் முன்னோடி, 1921லேயே கொடுத்துவிட்டது. ஆனால் தகுதி உள்ள பெண்ணுக்கு மட்டும். 1937 தேர்தலில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சொத்து இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட அளவு வரி கட்டுகிறவரின் மனைவியாக இருக்க வேண்டும். எங்க பக்கமோ ராமநாதபுரம் ஜமீன். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948ல் வரும் வரைக்கும் கிஸ்தி கட்டியே முதுகொடிந்த சனம். அந்த 1937 தேர்தலில்தான் முத்துராமலிங்கத் தேவர் ராமநாதபுரம் ராஜாவையே எதிர்த்து நின்று ஜெயித்தார். பெரிய விஷயம்தான். ஆனால் அன்றைக்கு வரிசையில் நின்றவர்களில் எங்கள் அப்பத்தா மாதிரி ஆட்கள் இருக்க வாய்ப்பே இல்லை.

அந்தக் காலத்து வடிகட்டியைப் பற்றி விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கதை உண்டு. காமராஜர் விருதுநகர் நகராட்சித் தேர்தலில் நிற்க வேண்டும். வரி கட்டியவர்தான் நிற்கலாம். காமராஜர் பேரில் சொத்து ஏது? தேவர் ஒரு ஆட்டுக்குட்டியை வாங்கி, காமராஜர் பேரில் அதற்கு வரி கட்டி, அந்த ரசீதைக் காட்டி நிற்க வைத்தாராம். இது நடந்ததா, மேடைக்காகக் கட்டியதா என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆட்டை விடுங்கள். வரி ரசீது இல்லாதவன் குடிமகனே இல்லை என்கிற சட்டம் இருந்தால்தான் இப்படி ஒரு கதையே பிறக்கும். அலபாமாவில் இந்தக் கதையைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

1950 ஜனவரி 26ல் இதெல்லாம் போனது. அரசியல் சட்டம் 326வது பிரிவு, 21 வயது ஆனவருக்கெல்லாம் ஓட்டு (18 ஆனது 1989ல்). படிப்பு கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், அதில் பெரும்பாலோர் எழுத்து அறியாதவர்கள். இவர்களை வைத்து எப்படித் தேர்தல் நடத்துவது என்பது முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் தலைவலி.

அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆளுக்குப் பரீட்சை வைப்பதற்குப் பதிலாகப் பெட்டியை மாற்றினார். இப்போது மாதிரி ஒரே சீட்டில் எல்லார் பெயரும் கிடையாது. மறைவுக்குள்ளே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டி மேலே சின்னம். காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்ட்டுக்குக் கதிர் அரிவாள், இப்படி. கையில் கொடுக்கும் சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், முத்திரை குத்த வேண்டாம். பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வர வேண்டியதுதான். காளை எது, கதிர் எது என்று கரிசல்காட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா? அமெரிக்காக்காரன் வைத்த பரீட்சையில் படித்தவனே தோற்றான். இங்கே பென்சில் பிடிக்கத் தெரியாதவரும் தோற்க முடியாதபடி வழி செய்தார்கள்.

எல்லாமே நல்லபடியாக நடந்தது என்று சொல்லவில்லை. வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் பெண்டாட்டி', 'இன்னாரின் தாய்' என்றே பதிந்திருந்தார்கள். பெயர் இல்லாத வாக்காளர் செல்லாது என்று சென் கண்டிப்பாக இருந்ததால் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இருந்து போனார்கள். அடுத்த முறை பெயரைச் சொல்லட்டும் என்பது அவர் கணக்கு. சரியா தப்பா என்று இன்றும் வாதிடலாம்.

அந்த 1952 தேர்தலில் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தவர் முத்துராமலிங்கத் தேவர். அப்பத்தா எந்தப் பெட்டியில் போட்டார் என்று சாகும் வரை சொல்லவில்லை. தாத்தா கேட்டும் சொல்லவில்லையாம்.

படிக்காதவர்கள் கையில் ஓட்டா என்ற முணுமுணுப்பு அப்போதே இருந்தது. அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத், 1949 நவம்பர் 26ல் பேசிய முடிவுரையில் மக்களின் பொது அறிவில் முழு நம்பிக்கை வைத்தார். ஆனால் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு தகுதியும் வைக்க முடியாமல் போனதில் தனக்கு வருத்தம் என்றும் அதே பேச்சில் சொன்னார். சட்டத்தை நடத்துகிற அதிகாரிக்குத் தகுதி கேட்கிறோம், சட்டம் போடுகிறவருக்கு இல்லையே என்பது அவர் ஆதங்கம்.

தகுதி என்றதும் எனக்குத் திருச்சுழி சுந்தரமய்யர் ஞாபகம் வருகிறது. ரமண மகரிஷியின் அப்பா. 1879ல் மகரிஷி பிறந்தபோது அவர் திருச்சுழி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்தார். ஆனால் சட்டப் பரீட்சை எதுவும் பாஸ் செய்தவரில்லை. பன்னிரண்டு வயதில் மாதம் இரண்டு ரூபாய்க்குக் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்து, பிறகு மனு எழுதி, அப்புறம் சர்டிபிகேட் இல்லாமலே வழக்காட அனுமதி வாங்கியவர். இன்றைய கணக்குக்கு அவர் கோர்ட் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. அன்றைக்குத் திருச்சுழியில் மதிப்பான வக்கீல்.

ராஜேந்திர பிரசாத்தின் அந்த வருத்தம் பல வருஷம் கழித்துச் சட்டமாகவே வந்தது. ஹரியானா 2015ல் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பத்தாம் வகுப்பு பாஸ் என்று வைத்தது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் கொஞ்சம் குறைவு. வீட்டில் கக்கூஸ் இருக்க வேண்டும் என்றும் ஒரு ஷரத்து. உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் 'ராஜ்பாலா' வழக்கில் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. நல்லது கெட்டது பிரித்தறியும் சக்தியைக் கல்விதான் தருகிறது என்பது தீர்ப்பின் போக்கு. ராஜஸ்தானும் இப்படி ஒரு சட்டம் போட்டு, 2019ல் எடுத்துவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. கண்மாய் மடை எந்தப் பக்கம் உடையும் என்று தெரிந்த ஆள் எட்டாம் வகுப்பு ஃபெயில் என்பதற்காக ஊராட்சித் தலைவராக நிற்கக் கூடாது என்றால், கண்மாயை யார் பார்ப்பது?

அப்படியானால் நம் ஊரில் குடிமையியல் பரீட்சையே இல்லையா என்றால், இருக்கிறது. உத்தியோகத்துக்கு. அருப்புக்கோட்டையில் சாயங்காலம் கைடும் கையுமாகத் திரியும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 2022ல் குரூப் 4 தேர்வை 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 7,301. அடிப்படை உரிமைகள் எந்தப் பிரிவு, எத்தனையாவது திருத்தம் எந்த வருஷம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கேள்விகளில் நம்ம ஊர் வராது. அமெரிக்கப் பட்டியலில் உன் மாநில செனட்டர் யார், உன் தொகுதிப் பிரதிநிதி யார் என்று உள்ளூர்க் கேள்விகளும் உண்டு. அத்தைக்குப் பாடம் எடுத்த சூட்டில் நானும் எங்க பக்கத்துக்கு ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தேன்.

உங்கள் எம்.பி. யார்? சுலபம் போலத் தோன்றும். ஆனால் 2009 முதல் அருப்புக்கோட்டை சட்டமன்றத் தொகுதி விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியில், பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் திருச்சுழி ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியில். ஒரே மாவட்டம், இரண்டு எம்.பி. ரயில் வேண்டும் என்று மனு கொடுக்கக் கிளம்பினால் முதலில் யார் வீட்டுக்குப் போவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மாவட்டத்தின் பெயர் என்ன? 1985 மார்ச் 15க்கு முன் பிறந்தவர் என்றால் ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து, காமராஜர் மாவட்டத்தில் வளர்ந்து, 1997ல் தலைவர்கள் பெயரை எல்லா மாவட்டங்களில் இருந்தும் எடுத்த பிறகு விருதுநகர் மாவட்டத்தில் வாழ்கிறீர்கள். வீடு மாறவே இல்லை!

மாநிலத்தின் பெயருக்காக உயிர் விட்டவர் யார்? சங்கரலிங்கனார், விருதுநகர்க்காரர். 1956 ஜூலை 27ல் உண்ணாவிரதம் தொடங்கி, அக்டோபர் 13ல் இறந்தார். 'தமிழ்நாடு' என்று அதிகாரப்பூர்வமாக மாறியது 1969ல். அருப்புக்கோட்டையில் ஜெயித்து முதலமைச்சர் ஆனவர் யார் என்ற கேள்வியைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. 1977, எம்.ஜி.ஆர். இதற்குச் சின்னப் பிள்ளையும் பதில் சொல்லும்.

அமெரிக்கப் பட்டியலில் நான் மதிக்கிற ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் யார் என்று அவர்களே கேட்கிறார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்தது யார் என்றும் கேட்கிறார்கள். உள்நாட்டுப் போருக்குக் காரணமான ஒரு பிரச்சினையைச் சொல் என்றால் 'அடிமை முறை' என்பது அச்சடித்த பதில். குடிமகன் ஆக வருகிறவனிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த வகையில் எங்க பட்டியலுக்கு ஒரு கேள்வி வேண்டும் என்றால் ரொம்ப தூரம் போக வேண்டாம். 1996ல் புதிய ஊராட்சிச் சட்டப்படி தேர்தல் வந்தபோது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிகளில் நாலு ஊர் பேப்பரில் அடிபட்டது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் மதுரை மாவட்டம். நாலாவது கொட்டக்கச்சியேந்தல், எங்க விருதுநகர் மாவட்டம். ஒன்று, யாரும் மனுத் தாக்கல் செய்ய மாட்டார்கள். அல்லது ஜெயித்தவர் பதவி ஏற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். மறுபடி தேர்தல், மறுபடி ராஜினாமா. அப்பத்தாவுக்கு 1952ல் கேள்வி இல்லாமல் கிடைத்த அதே உரிமை இந்தச் சனத்துக்கும் சட்டத்தில் இருந்தது. ஊருக்குள் அது செல்லுபடியாகவில்லை. 2006 அக்டோபரில்தான் நாலு ஊரிலும் தேர்தல் நடந்து, தலைவர்கள் நாற்காலியில் நிலைத்து உட்கார்ந்தார்கள். நவம்பரில் அவர்களைச் சென்னைக்கு அழைத்து விழா எடுத்தது அரசாங்கம்.

ஆகவே என் பட்டியலின் கடைசிக் கேள்வி இப்படி: விருதுநகர் மாவட்டத்தில் 1996 முதல் 2006 வரை தலைவர் நிலைக்காத ஊராட்சி எது? ஏன்? ஊர்ப் பெயருக்கு ஒரு மார்க், காரணத்துக்கு ஒன்பது.